மேலை வீட்டு நாய்கள்

சென்னை மாநகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, திருவொற்றியூரையும் எண்ணூரையும் கடந்து, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்னும் ஊர்கள் வழியே கும்மிடிப்பூண்டியை அடைகின்றது. புறநகர் மின்தொடர்வண்டிகளுள் பெரும்பாலானவை அவ்வூரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எளாவூரும் ஆரம்பாக்கமும். அவற்றையும் கடந்தால் ஆந்திர நாட்டின் எல்லை. வயலும் ஏரியும் பனையும் நிறைந்த இத்திருவள்ளூர் மாவட்டத்து வடகோடியில், 1971-ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் என்னும் அரசுக் கழகம் பெரியதொரு தொழிற்பேட்டையை அமைத்தது. இன்று அங்கே பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகளும், வண்டி உறுப்புகளைச் செய்யும் ஆலைகளும், வேறு பலவும் இரவு பகலாக இயங்குகின்றன.

இரவு பகலாக என்பது இங்கே வெறும் வழக்குச்சொல் அன்று. நாள் ஒன்றினை மூன்று கூறாக்கி வேலை நடைபெறும். காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் ஆலைக்குள் செல்லும். பிற்பகல் இரண்டு மணிக்கு மற்றொரு கூட்டம். இரவு பத்து மணிக்கு மூன்றாவது கூட்டம். ஷிப்டு என்று எல்லாரும் வழங்கும் இம்முறையினால், ஊரில் ஒரு சாரார் உழைக்கும்போது மற்றொரு சாரார் உறங்குவர். ஆலைகளின் இரைச்சலும், கொல்கத்தா நெடுஞ்சாலையில் விரையும் சரக்கு லாரிகளின் முழக்கமும், நள்ளிரவில் தண்டவாளத்தை அதிரச் செய்து போகும் சரக்கு வண்டியின் ஓசையும் அவ்வூர் மக்களுக்குத் தாலாட்டுப் போன்றவை. இத்தகைய ஊரில், நாய் குரைத்ததனால் இரண்டு குடும்பங்கள் பகை கொண்டன என்று கூறினால் புதியோர் நகைப்பர். ஆயினும் அது நிகழ்ந்தது.

ஓயாது ஒலிக்கும் ஒலியைச் செவி நாளடைவில் ஒதுக்கிவிடும். அருவிக் கரையில் வாழ்வோர் அருவியின் ஓசையைக் கேட்பதில்லை. ஆனால் திடீரென எழுந்து, திடீரென ஓய்ந்து, மீண்டும் எப்போது எழுமோ என்று அறிய இயலாத ஒலியை அது ஒதுக்க மாட்டாது. குரைப்பொலி அத்தகையது. அன்றியும், மனிதனை எழுப்புதற்கென்றே மனிதன் பேணி வளர்த்த குரல் அது. ஓநாயும் நாயும் ஒரே குலத்தவை. எனினும் வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கும். நாயோ கண்டதற்கெல்லாம் குரைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து அது கற்ற மொழி அது எனலாம்.

தொழிற்பேட்டைக்குச் சற்று ஒதுங்கிய ஒரு தெருவில், ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட இரண்டு வீடுகள் இருந்தன. கீழை வீட்டில் ஒரு பெரியவர், அவர்தம் மகன், மருமகள், பத்தாம் வகுப்பிற் பயிலும் பேத்தி ஆகிய நால்வர் வாழ்ந்தனர். பெரியவர் இருப்புப்பாதையைப் பேணும் குழுவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். கையில் சுத்தியலும் விளக்கும் கொண்டு, தண்டவாளத்தின் பிணைப்புகளைத் தட்டித் தட்டிக் கேட்டு, ஒலியினாலேயே தளர்ந்த இடத்தை அறிந்த செவி அவருடையது. மகன் பகல் வேலைக்காக விடியற்காலை ஐந்தேகால் மணிக்கே புறப்படுபவர். மேலை வீட்டில் இளம் கணவனும் மனைவியும் குடியிருந்தனர். அவ்விளைஞருக்கு உருட்டாலையில் வேலை.

இரு வீட்டாரும் இனிதே பழகினர். சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடம்போல் சென்று வரும். வெறுங் கிண்ணமாக அது திரும்பியதே இல்லை. ஐப்பசி மாதத்தில் மேலை வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தபோது, கீழை வீட்டு மருமகள்தான் முன்னின்று வளையல் அடுக்கினாள். அப்பெண் பேறுகாலத்துக்காக ஊத்துக்கோட்டைப் பக்கத்திலுள்ள தாய்வீடு சென்றாள். இளைஞர், வரவிருக்கும் செலவை எண்ணி, படி சற்று மிகுதியாகக் கிடைக்கும் இரவு வேலையைக் கேட்டுப் பெற்றார். வீடு இரவெல்லாம் பூட்டிக் கிடந்தது. அவ்வேளையில் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் களவு போயிற்று. செய்தி அறிந்த மைத்துனர், காவலுக்கென்று இரண்டு நாய்களைக் கொணர்ந்து விட்டுச் சென்றார்.

ஒன்று, வெள்ளை நிறமும் நெடிய காலும் உடைய இராசபாளையம் நாய். அதற்கு வெள்ளையன் என்று பெயர். தென்னாட்டில் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற இவ்வினத்தின் உருவத்தை, இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. மற்றொன்று, தெருவிற் பிறந்து வீட்டிற் சேர்ந்த கருப்பன். கருப்பனுக்குக் குலப்பெருமை ஏதும் இல்லை. குரல் மட்டும் மிகுதி.

நாயின் காவலைத் தமிழ் நிலம் என்றும் இழிவாக எண்ணியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமை நிரையின் பொருட்டு உயிர்நீத்த ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. அவ்வீரன் உருவத்தின் அருகில் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், கள்வரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தன் பெயர் வாழப் பெற்ற நாய் அது. எத்தனையோ சிற்றரசர்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை! ஆனால் கோவிவன் தன் தலைவனோடு காட்டிலும் மேட்டிலும் திரிந்த நாய் என்பதை மறத்தல் ஆகாது. வெள்ளையனும் கருப்பனுமோ முற்றத்துத் தூணில் நான்கடிச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடந்தன.

கார்த்திகை மாதம் பிறந்தது; குரைப்பும் பிறந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு இளைஞரின் மோட்டார் சைக்கிள் தெருக்கோடியில் மறையும். அரை நாழிகைக்குள் கருப்பன் தொடங்குவான். வெள்ளையன் பின்பாட்டுப் பாடுவான். அதைக் கேட்டுத் தெருநாய்கள் ஐந்தாறு விடையிறுக்கும். ஒன்று ஓய்ந்தால் ஒன்று தொடரும். பேத்தி பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு கணக்குப் பாடம் படித்தாள். பின்னர் அதே பஞ்சோடு உறங்க முயன்றாள். மகன் நள்ளிரவில் மூன்று முறை எழுந்து, விடியுமுன் சிவந்த கண்ணோடு வேலைக்குச் சென்றார். பொறிகளுக்கு இடையே கைவைத்து வேலை செய்வோர்க்கு உறக்கமின்மை எத்தகைய கேட்டினை விளைக்கும் என்பதை அவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அவருடைய கைவிரல் நுனி மயிரிழையில் தப்பிற்று.

அன்று மாலையே அவர் மேலை வீட்டுக் கதவைத் தட்டினார்.

“இரவு முழுவதும் உங்கள் நாய்கள் குரைக்கின்றன. எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணும் மூடவில்லை” என்றார்.

இளைஞர் வியப்புற்றார். “என் நாய்களா? நான் வீட்டில் இருக்கும்போது அவை வாய் திறப்பதே இல்லையே! தெருநாய்களாக இருக்கும், நன்றாகப் பாருங்கள்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் இருந்தபோது அவை குரைக்கவில்லை. குரைத்தபோது அவர் வீட்டில் இல்லை. தன் நாயின் குரைப்பைத் தான் கேட்க இயலாத நிலையில் இருந்த ஒருவரிடம் அதைப் பற்றி முறையிட்டால், அவர் வேறு என்ன சொல்லுவார்? ஆனால் வந்தவருக்கு அது திமிராகவே பட்டது. சொல் வளர்ந்தது. முடிவில் இளைஞர், “பகலில் பத்து மணிக்கு உங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. நான் உறங்கும் நேரம் அதுதான். ஒரு நாளாவது வந்து கேட்டேனா?” என்றார். மறுமொழி கூற இயலாது மகன் திரும்பினார். அன்றோடு குழம்புக் கிண்ணத்தின் போக்குவரவு நின்றது.

அக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கது அன்று. நாட்டில் ஒலியை அடக்குதற்கு ஒரு சட்ட விதி உண்டு. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் என்னும் பெயரோடு 2000-ஆம் ஆண்டில் நடுவண் அரசு அதனை வகுத்தது. அவ்விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவே ஒலி இருத்தல் வேண்டும். தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை என்றும் அவை வரையறுக்கின்றன. பத்து மணிக்கு ஆலைக்குட் சென்று ஆறு மணிக்கு வெளிவரும் ஒருவனுக்கு அவ்விரவினால் ஆகும் பயன் யாது? அவனுடைய இரவு கதிரவன் எழுந்த பின்னரே தொடங்குகின்றது. அந்த இரவினைக் காக்கும் விதி எதனையும் எவரும் இயற்றவில்லை. மேலும், அருகில் நின்று அளந்தால் நாயின் குரைப்பு 90 டெசிபலையும் தாண்டுவதுண்டு என்றாலும், விதிகள் சொல்லும் அளவு ஒரு பகுதியின் ஒலியை நெடுநேரம் அளந்து கண்ட சராசரி. விட்டுவிட்டு எழும் குரைப்பு, சராசரியிற் கரைந்து மறையும். உறங்குபவனோ சராசரியினால் எழுப்பப்படுவதில்லை. ஒற்றைக் குரைப்பினால் எழுப்பப்படுகின்றான்.

மகன் வேறு வழிகளைச் சிந்தித்தார். பலருக்கும் தொல்லையாக உள்ள ஒன்றினை நீக்குமாறு ஆணையிடும் அதிகாரம் கோட்ட அளவிலுள்ள நிருவாக நடுவருக்கு உண்டு என்று நண்பர் ஒருவர் கூற, பொன்னேரிக் கோட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம் ஒன்று எழுதினார். எழுதிய தாளைத் தந்தையிடம் காட்டினார். படித்து முடித்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதனை மடித்துத் தலையணையின்கீழ் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, மூன்றாம் முறையாக விழிப்புற்ற ஓர் இரவில், மகன் இருட்டில் அமர்ந்து மெல்லிய குரலில் கூறினார்: “சோற்றில் எதையாவது கலந்து சுவருக்கு அப்பால் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.”

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். “விலங்கினைக் கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, அது இருக்கட்டும். நாளைக் காலையில் அந்தப் பிள்ளை எட்டு மணி நேரம் நெருப்பின் முன் நின்றுவிட்டு வந்து கதவைத் திறப்பான். அப்போது நீ எங்கே நிற்பாய்?” என்றார். மகன் மீண்டும் அப்பேச்சை எடுக்கவில்லை.

கொன்றுவிட்டால் அமைதி வரும் என்னும் எண்ணம் தனி மனிதர்க்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கித் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றே வந்தது. ஆண்டுகள் நூற்றுக்கு மேல் கழிந்தும் நாய்கள் குறைந்தபாடில்லை. ஒரு தெரு வெறிதானால் அடுத்த தெருவின் நாய்கள் அங்கே குடியேறின. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு 1964 முதலே எடுத்துரைத்தது. மாநகராட்சி அதனை ஏற்பதற்கு 1996-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! நல்ல யோசனை அலுவலகப் படியேறுதற்கு அத்தனை காலம் பிடிப்பது நம் நாட்டில் புதுமை அன்று.

பெரியவர் தம் பழைய பணிக்காலத்துக் குறிப்பேடு ஒன்றை எடுத்தார். இரவில் திண்ணையில் அமர்ந்து, குரைப்பு எழும் நேரத்தையும் ஓயும் நேரத்தையும் எழுதலானார். முதலில் அது வழக்குக்குச் சான்றாகும் என்றே எழுதினார். நான்கைந்து இரவுகள் சென்றபின், தளர்ந்த தண்டவாளத்தைத் தட்டிக் கேட்ட செவி வேறொன்றைக் கேட்கத் தொடங்கிற்று. எல்லாக் குரைப்பும் ஒன்றல்ல. பன்னிரண்டு மணிக்கு அயலார் ஒருவர் தெருவிற் செல்லும்போது எழுவது தாழ்ந்த குரலில், அடுக்கடுக்காக, விரைந்து வருவது. ஒன்பதரைக்குப் பின் கருப்பன் எழுப்புவதோ உயர்ந்த குரலில், நீண்ட இடைவெளி விட்டு, ஒற்றை ஒற்றையாக வருவது. முன்னது யாரையோ நோக்கிச் சொல்லப்படுவது. பின்னதற்கு எதிரில் எவரும் இல்லை. “கூப்பிடுகிறது” என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினார். பிறகு தாமே ஐயுற்று அதன் பக்கத்தில் ஒரு வினாக்குறியும் இட்டார்.

மறுநாள் குறிப்பேட்டோடு அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் அம்மையார், ஆடு மாடு இன்றித் தாளோடு வந்த முதியவரைப் பார்த்து முதலில் வியந்தார். பெரியவர் இரு வகைக் குரைப்பையும் தம் வாயாலேயே குரைத்துக் காட்டியபோது, ஊசிக்குக் காத்திருந்த கன்றுக்குட்டி மிரண்டது, அம்மையார் சிரித்துவிட்டார். பின்னர்ப் பரிவோடு விளக்கினார். அங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், வெவ்வேறு சூழலில் நாய்கள் குரைத்த ஒலிகளைப் பதிவு செய்து மக்களுக்குப் போட்டுக்காட்டி, 2005-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நாய் வளர்த்தறியாதவர்கள்கூட, எது அச்சுறுத்தும் குரல், எது தனிமையில் வாடும் குரல் என்று பெரும்பாலும் உணர்ந்து கூறினர். தாழ்ந்து விரைந்து வருவதைச் சினம் என்றும், உயர்ந்து இடைவிட்டு வருவதை அச்சம் அல்லது ஏக்கம் என்றும் கொண்டனர். பெரியவரின் குறிப்பேட்டில் இருந்ததும் அதுவே.

“நாள்தோறும் எவ்வளவு நேரம் கட்டிவைக்கிறார்கள்? யார் வெளியே அழைத்துச் செல்கிறார்கள்?” என்று அம்மையார் கேட்டார்.

“கட்டியது கட்டியபடியே கிடக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு நேரம் ஏது, அம்மா?”

“அப்படியானால் ஒலி மாசு விதியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம், ஐயா. உங்களுக்கு வேண்டிய சட்டம் 1960-லேயே வந்துவிட்டது” என்றார் அவர்.

அவர் குறித்தது விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அது தோன்றிய வரலாறு சென்னையோடு தொடர்புடையது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ஆம் ஆண்டில் நாடாளுமன்ற மேலவைக்கு நியமனம் பெற்றார். விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றை அவர் கொணர்ந்தார். அரசே அத்தகைய சட்டம் கொண்டுவரும் என்று தலைமை அமைச்சர் நேரு உறுதி கூறவே, அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறிற்று. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர் ஆனார். அச்சட்டத்தின் பதினோராம் பிரிவு கொடுமைகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றது. அடித்தல், மிகைப்பாரம் ஏற்றுதல் முதலியவற்றோடு, விலங்கினை அளவுக்கு மீறிய நேரம் குறுகிய சங்கிலியிற் பிணித்து வைத்தலும் அங்கே குற்றமாகக் கூறப்பட்டுள்ளது. அதற்கு அடுத்த கூறு நாயைப் பெயர் சொல்லியே பேசுகின்றது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயைப் போதிய அளவு உலவவிடாது புறக்கணித்தலும் கொடுமையே என்பது அதன் கருத்து. அயலாரின் உறக்கத்தை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அன்று அது. நாயின் காலை நினைத்து எழுதப்பட்டது. ஆயினும் கீழை வீட்டாரின் உறக்கம் அந்தச் சங்கிலியின் நீளத்திலேதான் அடங்கியிருந்தது.

பெரியவர் இச்சட்டத்தைக் கையிலேந்திக்கொண்டு மேலை வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் இன்னொரு சண்டை விளைந்திருக்கும். மாலை நான்கு மணி வரை காத்திருந்து, இளைஞர் உறங்கி எழுந்தபின் சென்று, வாசற்படியில் அமர்ந்தார்.

“தம்பி, நாளை உனக்கு விடுமுறை அல்லவா? வழக்கம்போல் ஒன்பதரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படு. தேநீர்க் கடையில் வண்டியை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு வா. ஓர் இரவு எங்களோடு தங்கு. வேறொன்றும் கேட்கமாட்டேன்” என்றார்.

இளைஞர் நெடுநேரம் தயங்கினார். முதியவர் சொல்லைத் தட்ட மனம் வராமல் இசைந்தார்.

அது தை மாதத்துக் குளிர் இரவு. நிலக்காற்று மேற்கிலிருந்து வீசிற்று. ஆதலின் கீழை வீட்டில் இருந்தவரின் வாடை நாய்களுக்கு எட்டவில்லை. இளைஞர் சுவரோரம் பாயில் அமர்ந்திருந்தார். பெரியவர் விளக்கை அணைத்தார். மகன் மறுபுறம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். ஒன்பது மணி ஐம்பது நிமிடத்துக்கு முதல் குரல் எழுந்தது. இளைஞர் நிமிர்ந்தார்.

“இது என்ன நாய்?” என்று கேட்டார்.

“உன் கருப்பன்” என்றார் பெரியவர்.

தாம் நாள்தோறும் சோறிடும் நாயின் அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. அவர் அறிந்த கருப்பன், காலையில் வாலைக் குழைத்துக் காலடியில் புரள்பவன். இவன் வேறு ஒருவன். ஒரு குரல், பின்னர் நீண்ட அமைதி, சங்கிலி கல்லில் உரசும் ஓசை, மீண்டும் ஒரு குரல். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும் ஓசை கேட்டால், குரைப்பு அடங்கிச் சங்கிலி விறைக்கும். வண்டி வீட்டைக் கடந்து போனதும் குரல் முன்னினும் உயர்ந்து எழும். ஒவ்வொரு வண்டிக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆலைகள் சூழ்ந்த ஊரில் இரவில் எத்தனை வண்டிகள் செல்லும் என்பதற்குக் கணக்கு உண்டோ?

இரண்டு மணியளவில் பேத்தி உள்ளறையிலிருந்து எழுந்து வந்தாள். காதில் பஞ்சு இருந்தது. கையில் புத்தகம் இருந்தது. சுவரோரம் அயல்வீட்டு அண்ணன் அமர்ந்திருப்பதைக் கண்டு ஒரு கணம் திகைத்தாள். பின்னர் ஒன்றும் பேசாமல் செம்பில் தண்ணீர் கொணர்ந்து அவர் அருகில் வைத்துவிட்டு, கூடத்து விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கலானாள். இளைஞர் அந்தச் செம்பைத் தொடவில்லை. மூன்று மணி வரை தலை கவிழ்ந்து இருந்தார். அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் எழுந்து, பின்சந்து வழியே தம் வீட்டுக்குப் போனார். சுவருக்கு அப்பால் சங்கிலி கழலும் ஓசை கேட்டது. எஞ்சிய இரவு அமைதியாகக் கழிந்தது. கீழை வீட்டு மகன் அன்று விடிந்தும் எழவில்லை. வேலைக்குத் தாமதமாகப் போய் மேலாளரிடம் வசவு வாங்கினார்.

அதன்பின் நடந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. சங்கிலி போய், முற்றத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. தெரு தோன்றாதபடி வாயிற்கதவில் தகரம் அடிக்கப்பட்டது. இளைஞர் மாலை ஐந்து மணிக்கு நாய்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று ஓடவிட்டார். வேலைநாளில் அவருக்கு இயலாதபோது பெரியவரே சென்றார். வெள்ளையன் இழுத்த இழுப்பில் ஒருநாள் அவர் வரப்பில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார் என்பதும், வீட்டில் அதனை மறைத்தார் என்பதும் தெருவறிந்த செய்தி. புறப்படும்போது இளைஞர் நாய்களிடம் விடைபெற்றுக் கொஞ்சுவதை மருத்துவர் அம்மையார் நிறுத்தச் சொன்னார். பிரிவை விழாவாக்கினால் நாய் அஞ்சும் என்பது அவர் கருத்து. கடிப்பதற்கு மாட்டெலும்பு ஒன்றையும், அணிந்து கழற்றிய சட்டை ஒன்றையும் விட்டுச்செல்லுமாறு கூறினார். அதட்டுதல் மட்டும் கூடாது என்றார். நாம் கத்தினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகவே நாய் கொள்ளுமாம்.

கீழை வீட்டில் மாவரைத்தல் பகல் பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிக்கு மாறியது. இதனை எவரும் கேட்கவில்லை. மருமகள் தானே மாற்றினாள். முதல்முறை மாலையில் அரைத்த மாவில் சுட்ட இட்டிலி, சுவருக்கு மேலாகக் கிண்ணத்தில் சென்றது.

குரைப்பு அறவே நின்றது என்று சொன்னால் அது பொய்யாகும். நாய் குரைக்கும். பௌர்ணமியிலும் திருவிழா வெடியிலும், பன்றி புகுந்த இரவிலும் இரண்டும் ஊரையே எழுப்பின. ஒருமுறை ஒரு வீட்டுப் பின்புறத்தில் இருட்டில் நின்ற ஒருவனைக் கண்டு வெள்ளையன் எழுப்பிய குரலுக்குத் தெருவே விளக்கேற்றி வெளிவந்தது. அன்று எவரும் உறக்கம் கெட்டதென்று முணுமுணுக்கவில்லை. ஆனால் உயர்ந்து, இடைவிட்டு, ஒற்றையாக வரும் அந்தக் குரல் வரவரக் குறைந்தது. மாசி மாதத்துக் குறிப்பேட்டில் அது வாரத்துக்கு இரண்டு முறையே காணப்படுகின்றது. பொன்னேரிக்கு எழுதிய விண்ணப்பம் பெரியவரின் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. பங்குனியில் பேத்தி அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

சித்திரையில் தேர்வுகள் முடிந்தன. அந்த வாரமே மேலை வீட்டுப் பெண் மூன்று மாதக் குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பினாள். நாய்கள் இரண்டும் முதலில் அக்குழந்தையைச் சுற்றிச் சுற்றி மோந்தன. பிறகு தொட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டன. அன்றிரவும் பெரியவர் பழக்கத்தை விடாமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். பத்து மணிச் சங்கு ஒலித்தது. சரக்கு வண்டி போயிற்று. தெருவிற் சில வண்டிகள் போயின. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், அவர் இவ்வாறு எழுதியிருக்கின்றார்: “இரவு 1-10: குழந்தை அழுதது. 1-40: மீண்டும் அழுதது. 2-30: மீண்டும். நாய்கள்: ஒன்றும் இல்லை.”